ஆபரேஷன் ஆன பன்னிரண்டாம் நாள் மூச்சு வாங்கினால்

கேள்வி:

டாக்டர், என் அம்மாவுக்கு வயது 54. கர்ப்பப்பையில் கட்டி, மாதக்கணக்கில் ரத்தப்போக்கு. வயிற்றைத் திறந்து கர்ப்பப்பையை எடுத்தார்கள். ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நாங்கள் அம்மாவைத் தரையில் கால் வைக்க விடவில்லை, எல்லாம் கட்டிலுக்கே கொண்டுபோய்க் கொடுத்தோம். பத்தாம் நாள் இடது கெண்டைக்கால் வலிக்கிறது என்றார். நான்தான் எண்ணெய் காய்ச்சி உருவி விட்டேன். பன்னிரண்டாம் நாள் விடியற்காலை கழிவறைக்குப் போய்விட்டு வந்தவர் கட்டிலைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டார். மூச்சு வாங்கியது, உடம்பெல்லாம் வியர்வை. பக்கத்து வீட்டு அக்கா கேஸ் என்று சொல்லி ஓமத் தண்ணீர் கொடுத்தார். காலையில் தெருமுனைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனோம். கேஸுக்கு ஊசி போட்டு, 'பயத்திலும் இப்படி வரும்' என்று சொல்லி அனுப்பினார்கள். மதியம் மறுபடி வந்தது. பேசிக்கொண்டிருக்கும்போதே மயங்கிவிட்டார். 108 வந்து மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோனது. ஸ்கேனில் இரண்டு நுரையீரலிலும் ரத்தக்கட்டி என்றார்கள். ஆறு நாள் ஐ.சி.யூ.வில் இருந்தார். இப்போது வீட்டுக்கு வந்து ஒரு வாரம் ஆகிறது. ரத்தம் உறையாமல் தடுக்கும் ரிவராக்சபான் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள்.

நான் உருவி விட்டதால்தான் கட்டி நகர்ந்ததா? மறுபடி வந்தால் வீட்டில் எப்படிக் கண்டுபிடிப்பது? அம்மா ராத்திரி தூங்குவதில்லை, ஆக்சிஜன் பார்க்கும் கருவியை விரலில் மாட்டியபடியே இருக்கிறார். அப்பாவுக்குத் தை மாதம் முழங்கால் மாற்று அறுவைக்கு நாள் குறித்திருந்தோம். அதை ரத்து செய்துவிடலாமா? கிளினிக் சீட்டையும் டிஸ்சார்ஜ் சம்மரியையும் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறேன்.

பெயர் வேண்டாம், திண்டுக்கல் மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நான்கு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்களைத் தூங்கவிடாமல் வைத்திருப்பது முதல் கேள்விதான் என்று கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது. அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நீங்கள் உருவி விட்டதால்தான் கட்டி நகர்ந்ததா என்று யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. காலில் ரத்தக்கட்டி இருக்கும்போது அழுத்தி உருவக் கூடாது என்பது உண்மை. உருவிய பிறகு கட்டி நுரையீரலுக்குப் போன சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியும் இருக்கின்றன. ஆனால் நீங்கள் உருவியது பத்தாம் நாள். மூச்சு வாங்கியது பன்னிரண்டாம் நாள் விடியற்காலை, கழிவறையிலிருந்து திரும்பும்போது. புதிதாக உறைந்த கட்டி ரத்தக்குழாயின் சுவரில் தளர்வாகத்தான் ஒட்டியிருக்கும். படுத்திருந்தவர் எழுந்து நடப்பது, கழிவறையில் முக்குவது, இருமுவது, இதில் எதுவும் அதைக் கழற்றிவிடப் போதும். ஐ.சி.யூ.வுக்கு இப்படி வருகிறவர்களின் வீட்டாரிடம் 'எப்போது ஆரம்பித்தது' என்று கேட்டால், 'பாத்ரூம் போய்விட்டு வந்தார்' என்ற பதிலை நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அதனால் உங்கள் கையைத் தேடிப் பழி போட வேண்டிய அவசியம் இல்லை. இனிமேல் யாருக்காவது ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு கால் மட்டும் வலித்தால், வீங்கினால், தொட்டால் சூடாக இருந்தால் உருவாதீர்கள், தைலமும் தேய்க்காதீர்கள். அன்றைக்கே டாக்டரிடம் காட்டி, கால் ரத்தக்குழாயைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்கள். இரண்டு காலும் ஒரே மாதிரி வீங்கினால் பெரும்பாலும் வேறு காரணம். ஒரு கால் மட்டும் என்றால்தான் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

நான் மயக்க மருந்து டாக்டர். ஆபரேஷன் தியேட்டரிலும் ஐ.சி.யூ.விலுமாக இருபது வருடத்துக்கு மேல் போய்விட்டது. உங்கள் அம்மாவை நான் பார்க்கவில்லை, நீங்கள் அனுப்பிய இரண்டு தாள்களை மட்டும் வைத்துத்தான் எழுதுகிறேன். அதில் கிளினிக் சீட்டைப் பார்த்ததும் ஒரு இடத்தில் கண் நின்றுவிட்டது. 'பல்ஸ் 126' என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். அதற்குக் கீழேயே வாயுவுக்கான ஊசி. உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு, ஆபரேஷன் ஆகி இரண்டு வாரம்கூட ஆகாத ஒருவருக்கு, நாடி 126 அடித்தால் அது கேஸ் அல்ல. காய்ச்சலா, ரத்தம் குறைந்திருக்கிறதா, இதயமா, நுரையீரலில் கட்டியா என்று தேட வேண்டிய எண் அது. அந்த டாக்டரைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. ஸ்டெதஸ்கோப்பை வைத்துப் பார்த்திருப்பார், நெஞ்சு சுத்தமாகக் கேட்டிருக்கும். இந்த நோயில் அதுதான் ஏமாற்று வேலை.

ஏன் என்று சொல்கிறேன். காலிலிருந்து மேலே வருகிற ரத்தம் இதயத்தின் வலது பக்கத்துக்குப் போய், அங்கிருந்து நுரையீரலுக்குப் போகிறது. கெண்டைக்காலிலோ தொடையிலோ உறைந்த கட்டி கழன்றால், வழியில் எங்கும் நிற்காது. போகப் போக குழாய் பெரிதாகிக்கொண்டேதான் இருக்கும். இதயத்தைத் தாண்டி நுரையீரலுக்குள் குழாய்கள் மறுபடி சிறுத்துக் கிளை பிரியும் இடத்தில்தான் போய் அடைக்கும். காற்று வழக்கம்போல உள்ளே போய் வருகிறது, அதனால் சத்தம் சரியாகக் கேட்கிறது. எக்ஸ்ரேயும் பல நேரம் சுத்தமாகவே இருக்கும். ஆனால் வந்த காற்றை வாங்கிக்கொள்ள அங்கே ரத்தம் இல்லை. அடைப்புக்குப் பின்னால் வலது இதயம் திணறுகிறது. கட்டி சின்னதாக இருந்தால் மூச்சு வாங்குவதோடு போகும். பெரிதாக இருந்தால் ரத்த அழுத்தம் விழுந்து மயக்கம் வரும். உங்கள் அம்மாவுக்குக் காலையில் வந்தது முதல் துண்டு, மதியம் வந்தது அதைவிடப் பெரிய துண்டு என்று நினைக்கிறேன். முதல் துண்டை எச்சரிக்கை மணி என்று எடுத்துக்கொள்ள நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாதது உங்கள் குற்றம் இல்லை. டிஸ்சார்ஜ் அன்றைக்கு யாரும் உட்கார்ந்து சொல்லியிருக்க மாட்டார்கள். தையல் எப்போது பிரிக்க வேண்டும், எதைச் சாப்பிடக் கூடாது, இந்த இரண்டோடு முடிந்திருக்கும்.

ரத்தம் ஏன் உறைகிறது என்பதற்கு ஜெர்மன் மருத்துவர் ருடால்ஃப் விர்ஹோ பெயரில் மூன்று காரணங்களை இன்றைக்கும் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். ரத்தம் தேங்குவது, குழாய்ச் சுவரில் காயம்படுவது, ரத்தத்துக்கே உறையும் குணம் கூடுவது. உங்கள் அம்மாவுக்கு மூன்றும் இருந்தன. அடிவயிற்றில் கத்தி பட்டது. அறுவைக் காயத்தை ஆற்ற உடம்பே ரத்தத்தின் உறையும் தன்மையை ஏற்றி வைக்கும். மூன்றாவது, படுக்கை. ரத்தப்போக்கை நிறுத்த ஆபரேஷனுக்கு முன் ஹார்மோன் மாத்திரை சாப்பிட்டிருந்தால் அதையும் இப்போது பார்க்கும் டாக்டரிடம் சொல்லுங்கள். சில வகை ஹார்மோன்கள் இந்த ஆபத்தைக் கூட்டும்.

படுக்கையைப் பற்றிக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் ஒரு பெண்ணுக்குக் கர்ப்பப்பையை எடுத்தால்தான் வாழ்க்கையில் முதல் தடவையாக ஓய்வு கிடைக்கிறது. முப்பது வருடம் நின்றுகொண்டே இருந்தவரை வீடே கூடி 'எழுந்திரிக்காதே' என்கிறது. அது அன்பு. ஆனால் கெண்டைக்கால் தசைதான் காலின் ரத்தத்தை மேலே தள்ளும் பம்ப். ஒவ்வொரு அடிக்கும் அது ஒரு முறை பிழிந்துவிடும். அசையாமல் கிடந்தால் அந்த பம்ப் நின்றுவிடுகிறது. போதாததற்கு, அடிக்கடி எழ வேண்டியிருக்குமே என்று பலர் தண்ணீர் குடிப்பதையும் குறைத்துவிடுவார்கள். கனம் தூக்கக் கூடாது, குனிந்து வீடு கூட்டக் கூடாது, குடம் எடுக்கக் கூடாது என்பதெல்லாம் சரி. அதற்கு அர்த்தம் நடக்கக் கூடாது என்பதல்ல. ஆபரேஷனுக்கு மறுநாளே எழுப்பி நாலு அடி நடக்க வைக்கிறோமே, அது கட்டிலைக் காலி பண்ணுவதற்காக அல்ல.

எத்தனை நாள் வரைக்கும் பயம் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். பிரிட்டனில் 9 லட்சத்துக்கு மேற்பட்ட நடுத்தர வயதுப் பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2009-ல் ஒரு ஆய்வு வெளியானது. மருத்துவமனையில் தங்கி ஆபரேஷன் செய்துகொண்டவர்களில், அடுத்த 12 வாரத்துக்குள் காலிலோ நுரையீரலிலோ ரத்தக்கட்டி என்று சேர்க்கப்பட்டவர்கள் ஏறக்குறைய 140 பேருக்கு ஒருவர். இடுப்பு, முழங்கால் மாற்று என்றால் 45 பேருக்கு ஒருவர். ஆபத்து உச்சத்தில் இருந்தது ஆபரேஷனுக்குப் பிறகு மூன்றாவது வாரத்தில். எல்லோரும் தையல் பிரித்தாகிவிட்டது, ஆபத்து தாண்டிவிட்டது என்று நிம்மதியாக இருக்கும் வாரம் அது. பார்க்க வந்த சொந்தக்காரர்கள்கூட அதற்குள் ஊருக்குத் திரும்பியிருப்பார்கள்.

சரி, இரண்டாவது கேள்வி. வீட்டில் எப்படிக் கண்டுபிடிப்பது?

கண்டுபிடிக்க முயற்சி செய்யாதீர்கள். என்னாலும் வீட்டில் வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. ஆபரேஷன் ஆன ஒருவருக்குத் திடீரென்று மூச்சு வாங்கினால் காரணம் பல இருக்கலாம். முதல் சில நாட்களில் என்றால், வலிக்குப் பயந்து ஆழமாக மூச்சு விடாததால் நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கிப்போவது, அதைத் தொட்டு வரும் நிமோனியா. கழுத்தில் தைராய்டு ஆபரேஷன் ஆகி ஒரு நாளுக்குள் கழுத்து வீங்கி மூச்சு முட்டினால் உள்ளே ரத்தம் கசிந்து மூச்சுக்குழாயை நெருக்குகிறது என்று அர்த்தம். அது நிமிடக் கணக்கு. தொடை எலும்பு முறிந்தவருக்கு இரண்டு மூன்று நாளில் மூச்சுத்திணறலும் குழப்பமான பேச்சும் வந்தால் எலும்பு மஜ்ஜையின் கொழுப்பு நுரையீரலில் அடைத்திருக்கலாம். வலி மருந்தின் அளவு கூடினால் நேர்மாறாக, மூச்சு மெதுவாகி, எழுப்பினாலும் எழாமல் தூங்கிக்கொண்டே இருப்பார். நெஞ்சு வலியே இல்லாமல் வரும் மாரடைப்பும் உண்டு. பயத்தாலும் மூச்சு வாங்கும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் மற்ற எல்லாவற்றையும் பார்த்து ஒதுக்கிய பிறகு, கடைசியாகச் சொல்ல வேண்டிய காரணம் அது. நம் ஊரில் அதைத்தான் முதலில் சொல்கிறார்கள், அதுவும் நோயாளி பெண்ணாக இருந்தால்.

கேஸ், பயம், பலவீனம், வெயில் என்று ஒரு பெயர் வைத்துவிட்டால் மனசு சமாதானமாகிவிடும். அதற்குப் பிறகு யாரும் ஓட மாட்டார்கள். உங்கள் வீட்டில் விடியற்காலையிலிருந்து மதியம் வரை போன நேரம் ஓமத் தண்ணீரால் போனதல்ல, அந்தப் பெயரால் போனது. அதனால் பெயர் வைக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். திடீரென்று மூச்சு வாங்குவது, ஆழமாக மூச்சு இழுத்தால் நெஞ்சிலோ விலாவிலோ குத்துவது, இருமினால் சளியில் ரத்தம், காரணமில்லாத படபடப்பு, கண் இருட்டி மயக்கம், ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் சொல்ல முடியாமல் போவது, உதடு நீலமாவது, இதில் ஒன்று வந்தாலும் போதும், எல்லாம் சேர்ந்து வரக் காத்திருக்க வேண்டாம். விரல் கருவியில் 94-க்குக் கீழே காட்டினால் கிளம்புங்கள். 97 காட்டியும் மூச்சு வாங்கினால் அப்போதும் கிளம்புங்கள். இந்த நோயில் ஆக்சிஜன் எண் நன்றாக இருந்து நாடி மட்டும் ஓடுவது உண்டு. அந்தக் கருவியில் இரண்டாவதாக ஒரு எண் வரும், அதை யாரும் பார்ப்பதில்லை. அதுதான் நாடி.

போனில் முதல் வாக்கியமே இப்படி இருக்கட்டும்: 'ஆபரேஷன் ஆகி இத்தனை நாள் ஆகிறது, திடீரென்று மூச்சுத்திணறல்.' மூச்சுத்திணறல் என்று மட்டும் சொன்னால் ஆஸ்துமாவா என்று கேட்பார்கள். ஆபரேஷன் என்ற சொல்லைக் கேட்டதும் எதிர்முனையில் யோசனை வேறு பக்கம் போகும். ஆம்புலன்ஸில் வருகிறவரிடமும், மருத்துவமனை வாசலில் சீட்டு எழுதுகிறவரிடமும், டாக்டரிடமும் மறுபடி மறுபடி அதையே சொல்லுங்கள். அம்மாவுக்கு ஏற்கெனவே ஒரு முறை கட்டி வந்திருக்கிறது என்பதையும் இனி சேர்த்துச் சொல்ல வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரியும் மாத்திரை அட்டையும் ஒரு பையில் போட்டுக் கதவுப் பக்கம் மாட்டி வையுங்கள். கிளினிக்குப் போய் அங்கிருந்து இன்னொரு இடம் என்று அலையாமல், சி.டி. ஸ்கேனும் ஐ.சி.யூ.வும் இருக்கிற இடத்துக்கு நேராகப் போவதுதான் முக்கியம். சாதாரண ஸ்கேன் அல்ல, நரம்பில் மருந்து செலுத்தி நுரையீரல் ரத்தக்குழாயைப் பார்க்கும் ஸ்கேன். டி-டைமர் என்ற ரத்தப் பரிசோதனையைச் சிலர் எடுப்பார்கள். ஆபரேஷன் ஆனவருக்கு அது எப்படியும் கூடித்தான் இருக்கும், அதனால் அதை வைத்து ஒரு முடிவுக்கும் வர முடியாது.

வண்டி வரும் வரைக்கும் அவருக்கு எப்படி வசதியோ அப்படிச் சாய்ந்து உட்கார விடுங்கள். மூச்சு வாங்குகிறவரைப் பலவந்தமாகப் படுக்க வைக்காதீர்கள். மயங்கிவிட்டால் மட்டும், மூச்சு இருக்கிறதா என்று பார்த்து ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மூச்சே இல்லை என்றால் நெஞ்சின் நடுவில் வேகமாக அழுத்த வேண்டும், எப்படி என்று போனில் இருப்பவரிடம் கேட்டுச் செய்யுங்கள். தண்ணீர், சோடா, ஓமத் தண்ணீர் எதுவும் வேண்டாம், புரையேறும். யாரோ கொடுத்த ஆஸ்பிரினும் வேண்டாம். முக்கியமாக, நடக்க வைக்காதீர்கள். 'மெதுவாக வாம்மா, நாலு படிதானே' என்று மாடிப்படியில் கைத்தாங்கலாக இறக்கும்போது இதயம் நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து இரண்டு பேர் தூக்கி இறக்குங்கள்.

ஐ.சி.யூ.வில் ஏன் ஆறு நாள் என்று உங்கள் மனதில் ஓடியிருக்கும். கட்டியை உடனே கரைக்கும் ஊசி இருக்கிறது. ஆனால் வயிற்றில் ஆபரேஷன் ஆகிப் பன்னிரண்டே நாள் ஆனவருக்கு அதைப் போட்டால் உள்ளே தைத்த இடத்தில் ரத்தம் கொட்டலாம். ரத்த அழுத்தம் நிற்காமல் விழுந்துகொண்டே போனால் ஒழிய அந்த ஊசியை எடுக்கக் கை தயங்கும். ஹெப்பாரின் வகை மருந்தைக் கொடுத்து, மேற்கொண்டு கட்டி வளராமல் தடுத்து, உடம்பே பழையதைக் கரைத்துக்கொள்ளும் வரை ஒவ்வொரு மணி நேரமும் கண்காணித்திருப்பார்கள். உங்களுக்கு வெளியே உட்கார்ந்து பார்க்க எதுவுமே நடக்காத மாதிரி இருந்திருக்கும்.

இப்போது வீட்டில் மாத்திரை. இதில் நான் அடிக்கடி பார்க்கும் தப்பு ஒன்று உண்டு. ரிவராக்சபான் வழக்கமாக முதல் 21 நாள் 15 மில்லிகிராம் காலை, இரவு இரண்டு வேளை. அதற்குப் பிறகு 20 மில்லிகிராம் ஒரே வேளை. அந்த 21-ம் நாளில்தான் குழப்பம் வரும். சிலர் அட்டை தீர்ந்துவிட்டது, மருந்து முடிந்தது என்று நிறுத்திவிடுகிறார்கள். சிலர் பழைய அட்டையையே தொடர்ந்து வாங்குகிறார்கள். அம்மாவின் சம்மரியில் மாற்ற வேண்டிய தேதியைப் பார்த்து காலண்டரில் வட்டம் போடுங்கள். ஆபரேஷனால் வந்த கட்டிக்குப் பொதுவாக மூன்று மாதம் போதும், நிறுத்துவதை மட்டும் டாக்டர்தான் சொல்ல வேண்டும். இந்த 15, 20 மில்லிகிராம் மாத்திரையைச் சாப்பாட்டோடுதான் போட வேண்டும், வெறும் வயிற்றில் போட்டால் உடம்பில் சரியாகச் சேராது. அம்மா செவ்வாய், வெள்ளி விரதம் இருப்பவர் என்றால் இந்த மூன்று மாதம் அம்மனிடம் விடுப்பு கேட்டுக்கொள்ளட்டும்.

முதுகு வலி, கால் வலி என்று மெடிக்கல் ஷாப்பில் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வாங்கிப் போடாதீர்கள், ரிவராக்சபானோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தம் கசியலாம். பாராசிட்டமால் போதும். நாட்டு மருந்து எதுவும் சாப்பிடுவதாக இருந்தால் டாக்டரிடம் சொல்லாமல் வேண்டாம். பல் பிடுங்கப் போனாலும் முதலில் மாத்திரையைச் சொல்ல வேண்டும். மலம் தார் மாதிரி கறுத்து, பிசுபிசுவென்று நாற்றத்தோடு போனால் உடனே காட்டுங்கள். ரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் மலம் கறுக்கும், ஆனால் அது பிசுபிசுக்காது. சந்தேகம் என்றால் காட்டிவிடுவது நல்லது. தலையில் அடிபட்டால், காயம் தெரியாவிட்டாலும், மருத்துவமனைக்குப் போக வேண்டும். பிறப்புறுப்பு வழியாகப் புதிதாக ரத்தம் போனாலும் அப்படியே.

அம்மாவின் தூக்கம் பற்றி. மூச்சு முட்டியவருக்கு அந்த நினைவு உடம்பில் தங்கிவிடும். கழிவறைக் கதவைப் பார்த்தாலே நெஞ்சு அடித்துக்கொள்ளும். ஐ.சி.யூ.விலிருந்து போனவர்கள் பலருக்கு இப்படி ஆகிறது. இதைப் பைத்தியம் என்றோ பாசாங்கு என்றோ யாரும் சொல்லிவிடக் கூடாது. 'ஒன்றுமில்லைம்மா, பயப்படாதே' என்று சொன்னால் அடங்காது, ஏனென்றால் போன முறையும் எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள், அது பொய்யாகிவிட்டது. அதைவிட, 'மாத்திரை போகிறது, அதனால் மறுபடி கட்டுவதற்கான வாய்ப்பு ரொம்பக் குறைவு. வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று இந்த முறை எனக்குத் தெரியும்' என்று சொல்லுங்கள். கருவியை ராத்திரி அலமாரியில் வைத்துவிடுங்கள். காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை, மூச்சு வாங்கினால் ஒரு முறை, அவ்வளவு போதும். தூக்கத்தில் விரல் சில்லிட்டிருந்தாலோ கருவி நழுவினாலோ எண் தாறுமாறாகக் காட்டும், அதைப் பார்த்துப் பயந்து எழுந்து மறுபடி பார்த்து என்று இரவு முழுக்க ஓடும். நகப்பூச்சு இருந்தால் துடைத்துவிட்டுப் பாருங்கள். கண்டபடி தூக்க மாத்திரை மட்டும் வாங்கிக் கொடுக்காதீர்கள். இரண்டு மூன்று வாரத்தில் சரியாகாவிட்டால் மனநல மருத்துவரைப் பார்ப்பதில் ஒரு வெட்கமும் இல்லை.

இன்னும் சில வாரங்களுக்கு நடந்தால் கொஞ்சம் மூச்சு வாங்கும். அது பழைய அடைப்பு ஆறும் காலம். நாளுக்கு நாள் குறைந்துகொண்டு வர வேண்டும், அதைத்தான் கவனிக்க வேண்டும். முதல் வாரம் வாசல் வரை, அடுத்த வாரம் தெருமுனை வரை என்று நடக்கட்டும். மூன்று மாதம் ஆகியும் மாடி ஏற முடியவில்லை என்றால் எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும். ஒரு சிறு பகுதியினருக்குக் கட்டி முழுதாகக் கரையாமல் தழும்பாகி, நுரையீரல் ரத்தக்குழாயில் அழுத்தம் ஏறிவிடும். அதற்கும் வைத்தியம் உண்டு, ஆனால் தேடிப் பார்த்தால்தான் தெரியும்.

கடைசியாக அப்பா. ரத்து செய்ய வேண்டாம். அம்மாவுக்கு வந்தது அப்பாவுக்கு ஒட்டிக்கொள்ளாது. அவர்கள் அத்தை மகன், மாமன் மகள் என்று சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்களாக இருந்தால்கூட, ஆபரேஷனால் வந்த ஒரு கட்டியை வைத்து அப்பாவின் ரத்தத்தைச் சந்தேகிக்கத் தேவையில்லை. ஆனால் உங்கள் பக்கத்து உறவில் வேறு யாருக்காவது ஆபரேஷன் எதுவும் இல்லாமல் சின்ன வயதிலேயே காலிலோ நுரையீரலிலோ கட்டி வந்திருந்தால் அது வேறு கதை, அதைச் சொல்லியாக வேண்டும். நீங்களும் கர்ப்பமானாலோ, கருத்தடை மாத்திரை கேட்டுப் போனாலோ, அம்மாவுக்கு இப்படி ஆனதை மகப்பேறு டாக்டரிடம் சொல்லுங்கள்.

தள்ளிப்போடலாமா என்றால், தள்ளிப்போடுங்கள் என்பேன், மருத்துவக் காரணத்துக்காக அல்ல. தை மாதம் அம்மா எந்த நிலையில் இருப்பார் என்று பாருங்கள். ஒரே வீட்டில் இரண்டு நோயாளிகளை நீங்கள் ஒருவரே பார்க்க முடியாது. முழங்கால் தேய்மானம் இரண்டு மூன்று மாதம் காத்திருக்கும்.

முழங்கால் மாற்று செய்யும் இடங்களில் ரத்தம் உறையாமல் இருக்க ஊசியோ மாத்திரையோ கொடுப்பது வழக்கம், குறைந்தது 10 முதல் 14 நாள், தேவைப்பட்டால் 35 நாள் வரை. முன்கூட்டியே மூன்று விஷயம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். என்ன மருந்து, வீட்டுக்கு வந்த பிறகு எந்தத் தேதி வரை, தொப்புளுக்குப் பக்கத்தில் போடும் ஊசி என்றால் வீட்டில் யார் போடுவார்கள். மூன்றாவதில்தான் எல்லாம் கோட்டை விடுகிறார்கள். ஊசி வாங்கி ஃபிரிட்ஜில் இருக்கும், போட ஆள் இருக்காது. கட்டிலில் இருக்கும்போது பாதத்தை மேலும் கீழும் மடக்கி நீட்டுவதை மணிக்கு ஒரு முறை பத்துப் பதினைந்து தடவை செய்யச் சொல்லுங்கள்.

அப்புறம், ஆபரேஷனுக்கு முன்னாலேயே மூன்று பந்து இருக்கும் ஒரு பிளாஸ்டிக் கருவியைக் கையில் கொடுப்பார்கள். வார்டு முழுக்க அதற்கு 'பந்து ஊதுறது' என்றுதான் பெயர், அந்தப் பெயரைக் கேட்டு எல்லோரும் ஊதிக்கொண்டிருக்கிறார்கள். ஊதக் கூடாது, உறிஞ்ச வேண்டும். மூச்சை உள்ளே இழுத்துப் பந்தை மேலே நிறுத்தினால்தான் நுரையீரல் விரியும். அம்மாவுடைய பழைய கருவியை அப்பாவுக்குக் கொடுத்துவிடாதீர்கள், புதிதாக ஒன்று வாங்குங்கள்.